மூன்றாம் ஓலை

"மூச்சை இழு. இன்னும் இழு. இப்ப மெதுவா விடு. மெதுவா எண்டெல்லோ சொன்னனான், சைக்கிள் ரியூப் வெடிச்ச மாதிரி விடுறாய்!"

யசிந்தா தம்பியின் முதுகில் ஒன்று வைத்தாள். மனப் பதற்றத்தைக் குறைப்பது பற்றி மாதர் சங்கத்தில் ஒரு வகுப்பு வைத்தார்கள். போய்வந்த நாளிலிருந்து அவள் அரை வைத்தியர். நோயாளி வீட்டுக்குள்ளேயே இருந்தது வசதியாகப் போயிற்று.

நோயாளி டினேஷ். பேசாலையில் மீனுக்கு ஐஸ் போடும் ஒரு வாடியில் வேலை. தங்கமான பெடியன், ஆனால் பயந்தாங்கொள்ளி. இப்போதைய பயம் கலியாண ஓலை. கலியாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிறு பூசையில் மாப்பிள்ளை, பொம்பிளை பெயரை வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சபையைக் கேட்பார்கள். டினேஷுக்கும் பிரேமினிக்கும் இரண்டு ஓலை வாசித்தாயிற்று. ஒருவரும் வாய் திறக்கவில்லை. மூன்றாவது வரும் ஞாயிறு.

"ஆராவது எழும்பினா, அக்கா?"

"ஏன்ரா எழும்பப் போயினம்? ஆரையும் கட்டி ஒளிச்சு வைச்சிருக்கிறியோ?"

"இல்லை."

"பிறகென்ன?"

"எழும்பினா?"

யசிந்தா வானத்தைப் பார்த்து மாதாவைக் கூப்பிட்டாள். "நீ மூச்சை விடு."

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. டினேஷ் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, அக்கா பக்கத்தில் நின்று முறைத்ததால், பயிற்சியை நிறுத்தாமல் இழுத்து இழுத்து விட்டான். மறுமுனையில் இருந்தது பிரேமினியின் தாய். மனுசி கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். பின்னேரம் பிரேமினி தொலைபேசியில் குசுகுசுவென்று சொன்னாள்.

"உங்களுக்கு மூச்சு முட்டுற வருத்தமாம். அம்மா அழுறா. அப்பா சொல்லுறார், நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுத்துக் காட்டட்டாம்."

டினேஷுக்கு இருந்த பதற்றம் இரட்டிப்பானது. அக்கா அசரவில்லை.

"அப்ப மூச்சு வேண்டாம். விடியக் கடற்கரையில வெறுங்காலோட நட. ஈர மண்ணில கால் பட்டா மனம் ஆறும். ஒண்டையும் யோசியாத."

அவன் நடந்தான். யோசிக்காமல் நடப்பதிலேயே கவனமாக இருந்ததால், தண்ணீர் முழங்காலைத் தாண்டியதைக் கவனிக்கவில்லை. கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் கவனித்தார்கள்.

"டேய், பெடியன் உள்ளுக்க போறான்ரா! பிடியுங்கோ!"

வலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தவர்கள், கத்தக் கத்த அவனை அள்ளித் தூக்கிக்கொண்டுபோய் வீட்டு முற்றத்தில் போட்டார்கள். கலியாணம் பிடிக்காமல் டினேஷ் கடலில் இறங்கிவிட்டான் என்ற செய்தி, அவன் தலை துவட்டி முடிப்பதற்குள் ஊர் சுற்றி வந்துவிட்டது.

பிரேமினியின் தகப்பன் சிங்கராசா வேலிப் படலைக்கு வெளியே நின்றே கேட்டார். சொந்தப் படகு, பெரிய குரல்.

"தம்பி, பொம்பிளை பிடிக்கேல்லை எண்டா வாயால சொல்லலாம். கடலுக்க போகத் தேவையில்லை."

"ஐயோ மாமா, எனக்குப் பிரேமினியை உயிர்!"

"அப்ப ஏன் உயிரை விடப் போனனீர்?"

டினேஷ் துவாயால் இன்னொருமுறை தலையைத் துவட்டினான். மனுசன் முணுமுணுத்துக்கொண்டே போனார். பிரேமினி கிடைக்காவிட்டால் என்ன செய்வேன் என்று நினைத்தபடி அவன் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மனதில இருக்கிறதை ஆரிட்டையாவது கொட்டிப்போடு," என்றாள் யசிந்தா. "கொட்டினாப் பாரம் இறங்கும்."

"ஆரிட்டைக் கொட்ட? இந்த ஊரில ஒரு சொல்லுச் சொன்னா எல்லாருக்கும் கேக்க மைக் வேண்டாம்."

அது உண்மைதான். ஆகவே அவன், வேலி ஓரம் நின்ற ஒரு கழுதையைத் தெரிவு செய்தான். மன்னாரில் கழுதைக்கா பஞ்சம்? அதன் கழுத்தைத் தடவிக்கொண்டு மனம் விட்டுப் பேசினான்.

"உன்னோடதான் எனக்கு நிம்மதியாக் கதைக்க ஏலும். நீ ஆருக்கும் சொல்லமாட்டாய். பிரேமினி வீட்டுக்கு மட்டும் இது தெரியக்கூடாது."

வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அன்ரோனெற் அக்கா கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தென்னங்கிடுகு வேலிக்கு மேலால் அவளுக்குத் தெரிந்தது டினேஷின் தலை மட்டும். கருவாட்டை அப்படியே விட்டுவிட்டு நேரே சிங்கராசா வீட்டுக்குப் போனாள்.

"என்ர காதால கேட்டனான் அண்ணை. அந்தப் பெட்டை பாவம், ஒரு சொல்லும் கதைக்கேல்லை. அழுதுகொண்டு நிண்டிருப்பாள்."

சிங்கராசா இந்த முறை படலைக்குள்ளேயே வந்துவிட்டார்.

"ஆரடா அவள்?"

"கழுதை, மாமா."

"ஒரு பொம்பிளைப்பிள்ளையோட பழகிப்போட்டு, அவளைக் கழுதை எண்டு வேற சொல்லுறியோ?"

யசிந்தா குறுக்கே விழுந்து, மூச்சு, கடல், கழுதை எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினாள். சிங்கராசா பாதியை நம்பினார்.

"சரி. ஞாயிற்றுக்கிழமை மூண்டாம் ஓலை. ஒரு சத்தம் சந்தடி இல்லாமல் முடிஞ்சா, கலியாணம். ஆராவது எழும்பினாங்கள் எண்டா, பந்தலும் இல்லை, பொம்பிளையும் இல்லை. விளங்கிச்சோ?"

ஞாயிறு வந்தது. ஊர்ப் பங்குச் சுவாமியார் வெளியூர் போயிருந்தார். பதிலுக்கு வந்தவர் புதியவர், ஒருவரையும் தெரியாது. டினேஷ் மாதா கோயிலில் ஆண்கள் பக்கம் நடு வரிசை வாங்கில், பெரிய மீசை வைத்த ஒருவருக்குப் பக்கத்தில் ஒடுங்கியிருந்தான். பூசைப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தான். யசிந்தா கடைசியாகக் கற்றுக்கொடுத்த வித்தை ஒன்றுதான் மிச்சம். இரண்டு காதையும் விரலால் அடைத்து, கண்ணை மூடி, வண்டு மாதிரி ரீங்காரம் செய்ய வேண்டும். பூசை முடிந்து அறிவித்தல் தொடங்கியதும் அவன் ஆரம்பித்தான்.

"ம்ம்ம்ம்ம்..."

என்ன ஆச்சரியம்! மனம் மெல்ல ஆறியது. நிம்மதியாக விரலை எடுத்தான்.

"...இவர்களுடைய திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் இப்போது அறிவிக்கலாம்," என்றார் சுவாமியார்.

சுவாமியார் சபையைச் சுற்றிப் பார்த்தார். பின்னால் ஏதோ வாங்கு கிறீச்சென்றது. ஆர் எழும்புகிறான்? டினேஷ் திரும்பிப் பார்த்தான். பின்வரிசை வாங்கில் இருந்த உயரமான ஆள் மறைத்தான். எட்டிப் பார்த்தான், தெரியவில்லை. தாங்க முடியாமல், நன்றாகப் பார்ப்பதற்காக எழும்பினான்.

முழுக் கோயிலிலும் எழும்பி நின்றது அவன் ஒருவன்தான்.

"சொல்லும் தம்பி," என்றார் சுவாமியார், கண்ணாடியைச் சரிசெய்து. "என்ன தடை?"

"ஐயோ, தடை இல்லை சுவாமி! ஆராவது எழும்பினமோ எண்டு பாக்கத்தான் எழும்பினனான்!"

கோயில் கொல்லென்று சிரித்தது. சுவாமியாரே வாயைப் பொத்திக்கொண்டார்.

"பாத்தாச்சுதானே. ஒருவரும் இல்லை. இரும்."

டினேஷ் தொப்பென்று இருந்தான். வெட்கம்தான், ஆனால் என்ன? முடிந்தது! மூன்றாம் ஓலை முடிந்தது! பெண்கள் பக்கம் பார்த்தான். பிரேமினி முக்காட்டால் முகத்தை மூடியிருந்தாள், தோள் குலுங்கியது. சந்தோசத்தில் சிரிக்கிறாள் என்று நினைத்தான். சிங்கராசா நெற்றியில் கை வைத்திருந்தார். அவருக்கும் நிம்மதி போலும். டினேஷ் வாழ்க்கையிலேயே முதன்முறையாக, ஒருவரும் சொல்லிக்கொடுக்காமல், நீளமாக ஒரு மூச்சு விட்டான்.

பக்கத்தில் இருந்த மீசைக்காரர் மெல்லக் குனிந்தார்.

"தம்பி, இப்ப வாசிச்சது என்ர மகளின்ர ஓலை. உம்மடையை இனித்தான் வாசிக்கப் போறார். நானும் ஒருக்கா எழும்பிப் பாக்கட்டோ?"