பதினொண்ணு அண்ணனும் அந்த ஒரு டாலரும்

எந்த டீம் ஜெயித்தாலும் ஒரே மாதிரி சிரிக்கத் தெரிந்த மனிதர் அமெரிக்கா முழுவதற்கும் ஒருத்தர்தான். எண்பதுகளில் ஜெர்சி சிட்டியில் என் பக்கத்து அறையில் இருந்தார். ஊர் திருச்சி. உத்தியோகம், ஒரு பாங்கில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுவது. எங்களுக்கு அவர் பதினொண்ணு அண்ணன்.

வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் அமெரிக்கன் ஃபுட்பாலுக்கு, அதே வீட்டில் குடியிருந்த எங்கள் பத்துப் பேரிடம் பந்தயம் பிடிப்பார். சட்டப்படி தப்புதான். பத்து டாலர் ஜெயிக்க ஆசைப்படுகிறவன் பதினோரு டாலர் கட்ட வேண்டும். மொய்க் கவரில் நூற்றியொன்று வைக்கிற பரம்பரை நாங்கள். அந்த ஒன்று ராசிக்கு என்று நினைத்து ஆறு மாதம் பக்தியோடு கட்டினோம். ஒருநாள், அது ராசிக்குத்தானே என்று நான் வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

"ராசியாவது மண்ணாவது! அவன் பதினொண்ணு, நீ பதினொண்ணு, மொத்தம் இருபத்திரண்டு. ஜெயிச்சவனுக்கு இருபத்தொண்ணு. மிச்சம் ஒண்ணு என் கமிஷன். எவன் ஜெயிச்சா எனக்கென்ன?"

"அப்ப அது ராசிக்கு இல்லையா அண்ணே?"

"எனக்கு ராசிதானேடா!"

ஆட்டம் அவருக்கு ஒரு இழவும் புரியாது. பந்தை 'உரிக்காத தேங்காய்' என்பார். அவருக்கு வேண்டியது நோட்டில் இடது பக்கமும் வலது பக்கமும் சமமாக நிற்பது. ஒரு பக்கம் ஆள் குறைந்தால் ஜெயித்தவனுக்குத் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டுமே! எங்கள் எல்லோருக்கும் சமையலும் அவர்தான்; நோட்டு சமமானால்தான் சாம்பாருக்குத் தாளிப்பார். காரில்கூட எங்களை எடை பார்த்துத்தான் உட்கார வைப்பார்.

ஒரு அக்டோபரில் வந்தது வினை. உள்ளூர் டீம்தான் ஜெயிக்கும் என்று எங்களில் ஒருவனான சேகரின் ஆபீஸ் பாஸ் அவன் காதில் போட்டுவைத்தார். பத்துப் பேரும் உள்ளூர் டீமின் மேல் ஆளுக்கு ஐம்பத்தைந்து டாலர் கட்டினோம். எதிர்ப் பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை.

அண்ணன் அறை அறையாக வந்தார். "டேய், அந்த டீம் சட்டையைப் பாருடா, என்ன கலர்! அவனுங்க மேல கட்டுடா!"

"வேணாம்ணே. நீங்க வேணா எங்க பந்தயத்தை கேன்சல் பண்ணிடுங்க."

"வர்ற பந்தயத்தை வேணாம்னு சொல்லக் கூடாது. தொழில் தர்மம்."

அவர் மனைவி செலினுக்கு விசா வந்திருந்தது. டிக்கெட்டுக்கு ஐநூறு டாலர் பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தோற்றால் அந்தப் பணம்தான் போகும் என்பது மட்டும் எங்கள் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

உள்ளூர் டீம் ஜெயித்தது. கட்டில் உடையக் குதித்தோம். அண்ணன் அதே சிரிப்போடு டப்பாவைக் கொண்டுவந்து ஆளுக்கு நூற்றைந்து எண்ணிக் கொடுத்தார். காலி டப்பாவை மூடும்போது சிரிப்பு இல்லை.

பணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். "அண்ணே, இத வச்சுக்கங்க. அண்ணி டிக்கெட்டை புக் பண்ணுங்க."

"ஜெயிச்ச காசை ஜெயிச்சவன்தான் வச்சுக்கணும். எனக்குப் பிச்சை போட வந்தீங்களா? போங்கடா!"

அன்று தாளிக்காத சாம்பார். எங்களுக்கும் இறங்கவில்லை. என்னத்தைச் சொல்ல, வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரம் சேகர் நூற்றிப்பத்து டாலரை நீட்டினான். "ரெண்டு டீம் மேலயும் அம்பத்தஞ்சு, அம்பத்தஞ்சு எழுதிக்கங்க." அடுத்து நான். என் பின்னால் மற்ற எட்டுப் பேரும் வரிசையாக நின்றார்கள்.

"லூசாடா நீங்க? ரெண்டு பக்கமும் கட்டினா எது ஜெயிச்சாலும் ஆளுக்கு அஞ்சு டாலர் போயிடும்டா!"

"தெரியும்ணே."

"தெரிஞ்சுமா?"

"பந்தயத்தை வேணாம்னு சொல்லக் கூடாதுண்ணே. எழுதுங்க."

அண்ணன் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். அப்புறம் இரண்டு பக்கமும் பத்துப் பத்துப் பெயர்களை எழுதினார். அன்று கடுகு வெடித்த சத்தம் மாடிப்படி வரை கேட்டது.

பத்து வாரம் விடாமல் கட்டினோம். வாரம் ஐம்பதாக டப்பா மறுபடியும் ஐநூறைத் தொட்டது. ஜனவரிப் பனியில் செலின் அண்ணி வந்து இறங்கினார்.

தோற்கப் போகிறோம் என்று தெரிந்தே ஞாயிற்றுக்கிழமைக்காக நான் ஆசையோடு காத்திருந்தது அந்தப் பத்து வாரம்தான்.