மாவும் மாடும் ஈர்க்குக் கவராயமும்

கணக்கு வாத்தியாரைக் கட்டிக்கொண்டவள் தன் வீட்டில் ஒரு பாயைக்கூடச் சும்மா விரிக்க முடியாது. எங்கே விரிக்கிறாய், ஏன் அங்கே விரிக்கிறாய் என்று கேள்வி வரும். கொஞ்ச நாளில் அவளும் அதே கேள்வியைக் கேட்கத் தொடங்கிவிடுவாள். அதுதான் பெரிய ஆபத்து.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் ஊரில் என்னைவிடக் கெட்டிக்காரி இல்லை என்ற எண்ணம் எனக்கு உண்டு. (இப்போதும் உண்டு.) யுத்தம் தொடங்குமுன் நடந்த கதை இது. பழுகாமத்தில் ஆற்றங்கரையோரம் எங்கள் வளவு. எங்கள் பக்கத்து வழக்கப்படி அம்மாவின் வீடு மூத்தவளான எனக்குச் சீதனமாக வந்தது. கலியாணம் முடித்து என் வீட்டுக்காரரும் அங்கேயே வந்துவிட்டார். தங்கச்சி கனகத்துக்கு அதே வளவுக்குள் புது வீடு எழும்பிக்கொண்டிருந்தது. அதனால் முற்றத்தில் பாதி போய்விட்டது. ஒரு பக்கம் கல், ஒரு பக்கம் களிமண். வட்டை வயலில் வேளாண்மை நின்றபடியால் மாட்டையும் வெளியே விட முடியாது.

கனகத்துக்குக் களுதாவளையில் மாப்பிள்ளை பேசியிருந்தது. அவர்கள் வேறு இடமும் பார்த்திருக்கிறார்கள் என்று கேள்வி. மாப்பிள்ளையின் தாய் அன்று பின்னேரம் தோணியில் வந்து, எங்களைப் பிடித்தால் நாள் குறிப்பதாக ஏற்பாடு. பலகாரத்துக்கு இடித்த மாவை மத்தியானத்துக்குள் உலர்த்தி எடுக்க வேண்டும். பாய் விரிக்க இடமோ இல்லை. பூவரச மரத்தடியில் மாடு, வேலியடியில் கிடாய்.

அம்மா சொன்னது இவ்வளவுதான்: "மாட்ட ஆத்தடிப் பக்கம் மாத்திக் கட்டினாச் சரிதானே புள்ள."

ஆற்றடியில்தான் தோணி வந்து அடையும். சம்பந்தி வீட்டார் இறங்கும்போதே சாணியை மிதிப்பதா? எனக்கு அது பெரிய மானக்கேடாகப் பட்டது. அதைவிட முக்கியம், அந்தக் கிழமை முழுக்க என் வீட்டுக்காரர் பள்ளிப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற பாடத்தை எனக்கும் சொல்லியிருந்தார். முளையில் கட்டிய மாடு ஒரு புள்ளி. முளை நடு. கயிற்றின் நீளத்துக்கு ஒரு வட்டம் கீறினால் அந்தப் புள்ளி வட்டத்தைத் தாண்டாது. பெரிய இடத்தைச் சின்னதாகக் கீறி, அதில் விடையைக் கண்டு, பிறகு நிலத்தில் அளந்துகொள்ளலாம். இந்தப் படிப்பு இருக்கும்போது மாட்டை யார் அவிழ்ப்பார்கள்?

சுளகில் மணலைப் பரப்பினேன். ஒரு முழத்துக்கு ஒரு விரல் என்று கணக்கு வைத்து, முற்றத்தை அப்படியே சுளகுக்குள் இறக்கினேன். இரண்டு ஈர்க்கை நூலில் கட்டிக் கவராயம் செய்து, மாட்டுக்கு ஒரு வட்டம், கிடாய்க்கு ஒரு வட்டம். அம்மா குசினி வாசலில் இருந்து காகம் விரட்டும் கம்பு எட்டுகிற தூரத்துக்கு ஒரு வளைவு. இரண்டு வட்டத்துக்கும் வெளியே, வளைவுக்கு உள்ளே, ஒரு பாய்க்குத் தாராளமாக இடம் மிஞ்சியது. அவர் எட்டிப் பார்த்து, "நல்லா வந்திருக்கு" என்றார். நான் விடவில்லை. "மாட்டுக்குக் கழுத்தும் நாக்கும் இருக்கே மச்சான், அத மறந்திட்டீங்க" என்று வட்டத்தை இன்னும் ஒரு விரல் பெருப்பித்தேன். வாத்தியாரையே திருத்திவிட்டேன் என்ற கெப்பரில் எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை.

பாயை விரித்து மாவைப் பரப்பினோம். அதற்குள் காற்று வாய்த்ததென்று தோணி முற்பகலிலேயே வந்துவிட்டது. மாப்பிள்ளையின் தாய் நல்ல கனத்த மனுஷி, பேச்சு குறைவு. வாங்குப் பலகையில் இருத்தி வெற்றிலைத் தட்டம் வைத்தோம். அவர் கண் முற்றத்துக்குப் போனது. மாட்டுக்குப் பக்கத்தில் மாவைக் காய வைத்திருக்கிறீர்களே என்று கேட்டார்.

வேறு யாராக இருந்தாலும் பாயைத் தூக்கியிருப்பார்கள். நான் சுளகைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வட்டம், வளைவு, முழம், விரல் எல்லாவற்றையும் விளக்கினேன். கனகம் கதவுக்குப் பின்னால் நின்று வேண்டாம் வேண்டாமென்று கை காட்டினாள். நான் பார்க்காதது மாதிரி இருந்தேன்.

அந்த நேரம் பார்த்து மாடு மாவை நோக்கி வந்தது. கயிறு விறைத்தது. கழுத்தை நீட்டியது, நாக்கை நீட்டியது. பாய்க்கு ஒரு சாண் இருக்க நின்றது.

"பாத்தீங்களா மாமி," என்றேன்.

மாமியும் தலையை ஆட்டினார். அவர் முகத்தில் ஒரு மரியாதைகூடத் தெரிந்தது. அத்தோடு அந்த மாடு போய்ப் படுத்திருக்கலாம். படுக்கவில்லை. எட்டாது என்று தெரிந்ததும், கயிறு விறைத்தபடியே, அப்படியே உடம்பைத் திருப்பிக் கிறுகியது. தலை இருந்த இடத்தில் தலை இருந்தது. மற்ற முழு மாடும் வட்டத்துக்கு வெளியே போனது. பின்னங்கால் இரண்டும் பாயில். வால் ஒரு வீச்சு வீச, மா எழும்பி வாங்கில் இருந்த எல்லோரையும் வெள்ளையாக்கியது. பிறகு வாலை உயர்த்தி, ஆறுதலாக, அவசரமேயில்லாமல், செய்ய வேண்டியதைச் செய்தது.

என் வீட்டுக்காரர் சுளகைப் பார்த்துக்கொண்டு, "புள்ளிக்குப் பின்பக்கம் இல்லைதானே" என்று மெல்லச் சொன்னார். (அந்த நேரத்தில் சொல்கிற பேச்சா அது?)

கதவுக்குப் பின்னால் கனகம் விம்முவது கேட்டது. என் வட்டத்தால் அவள் வாழ்க்கை போயிற்றே.

மாமி முகத்து மாவை முந்தானையால் துடைத்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அம்மாவிடம் கேட்டார்:

"மச்சாள், எங்கட பொடியனுக்குப் பேசினது இந்தப் புள்ளயையா?"

"இல்ல மச்சாள். இது மூத்தது. இதுக்குக் கலியாணம் முடிஞ்சிது."

"அப்ப சரி," என்றார் மாமி. "நாளக் குறியுங்க."

இப்படித்தான் கனகத்தின் கலியாணம் நிச்சயமானது. பலகார மாவுக்குப் பக்கத்து வளவுகளில் கைமாற்று வாங்கினோம்.

என் கணக்கில் பிழையில்லை என்று இன்றைக்கும் சொல்வேன். மாடு நேராக நிற்க வேண்டியது மாட்டின் பொறுப்பு. யார் கேட்கிறார்கள்? போன மாதம் பேரன் புது வீட்டுக்கு வரைபடம் கீறிக்கொண்டு வந்தான். அறை, குசினி, கிணறு எல்லாம் அச்சொட்டாக இருந்தன. கனகம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்க்காமலே அவனிடம் கேட்டாள்:

"எல்லாம் சரி மனே. இதுல வால் எந்தப் பக்கத்தால வரும்?"