இங்க்ரூனுக்கு அனுப்ப வேண்டிய வானம்

ஸ்கார்வேய்,
டிசம்பர், சூரியன் போய் இரண்டாவது வாரம்.

அன்புள்ள மகள் இங்க்ரூனுக்கு, அப்பா ஹால்வார்ட் ஆசிகளுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் பூனையும் படகும் சௌக்கியம். அங்கே நியூசிலாந்தில் நீயும் உன்னிடம் வைத்தியத்துக்கு வருகிற ஆடுகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். கம்பளிக் காலுறை போட்டுக்கொள் என்று எழுத வந்தேன், உனக்கு இப்போது கோடை என்பது ஞாபகம் வந்துவிட்டது. சரி, ஒழுங்காகச் சாப்பிடு.

போன தடவை போனில், "லீவு கெடைக்கிறது கஷ்டம்ப்பா, கிறிஸ்துமஸுக்கு வர்றதா வேண்டாமான்னு இன்னும் முடிவு பண்ணல. நம்ம ஊர் வானத்தை ஒரே ஒரு தடவை பாத்தாப் போதும்னு இருக்கு" என்று சொன்னாய். வைத்த பிறகு யோசித்துப் பார்த்தேன். உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு ஒரு பெண் விமானம் மாறி மாறி, கடைசியில் குமட்டிக்கொண்டு படகில் வந்து இறங்குவானேன்? வானம்தானே வேண்டும், அனுப்பிவிட்டால் போயிற்று. ஆகையால் நீ வர வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்கு கிறிஸ்துமஸ் நீ இல்லாமல் போனது, ஐந்தாவதும் போகும், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

நீ அலமாரியில் விட்டுப்போன காமிராவை எடுத்தேன். மீன் உலர்த்துகிற ஒட்வாருக்கு இதெல்லாம் தெரியும் என்று ஒட்வாரே சொல்லிக்கொள்வான். காமிராவை முக்காலியில் அண்ணாந்து நிறுத்திவிட்டால் அரை நிமிடத்துக்கு ஒரு படம் என்று அதுபாட்டுக்கு எடுத்துக்கொண்டே இருக்குமாம். பிறகு அத்தனை படத்தையும் வரிசையாக ஓட்டினால் ராத்திரி முழுவதும் ஒரு நிமிடத்துக்குள் ஓடிவிடும், துருவ நட்சத்திரம் மட்டும் அசையாமல் நிற்க மற்றதெல்லாம் அதைச் சுற்றி ராட்டினம் சுற்றும் என்றான். உன் ஊரில் துருவ நட்சத்திரமே கண்ணில் படாதாமே? பாவம், எப்படித்தான் இருக்கிறாயோ. நமக்கு இருட்டுக்கா பஞ்சம்? மத்தியானம் சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்தால் ராத்திரி தயார். ஒட்வார் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டான், பக்கத்தில் வெளிச்சம் கூடாது என்று. சரி என்று வீட்டுக்குப் பின்னால் காமிராவை நிறுத்தி ஓடவிட்டு, வாசல் விளக்கு, சமையலறை விளக்கு, மாடி ஜன்னல் விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இருட்டில் சோபாவில் படுத்துக்கொண்டேன்.

இந்த ஊரில் பிறந்து, இந்த ஊரில் முடி நரைத்தவன் செய்கிற காரியமா அது? சூரியனே எட்டிப் பார்க்காத இந்த இருட்டு மாதத்தில் விளக்கு எரியாத வீடு என்றால் ஆள் ஊரில் இல்லை, இல்லாவிட்டால் ஆளே இல்லை. மேட்டு வீட்டு போர்கில்ட், சின்ன வயதில் உனக்குப் பல் பிடுங்கிவிட்ட அதே புண்ணியவதிதான், நம் வீடு கறுத்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டு நெற்றி விளக்கை மாட்டிக்கொண்டு ஒரு பானை மீன் சூப்போடு பனியில் சறுக்கிக்கொண்டு வந்தாள். எனக்கு உயிர் இருந்தால் சூப், இல்லாவிட்டால் அழ வருகிறவர்களுக்கு ஆகும் என்று கணக்கு. வருகிற வழியிலேயே ஒட்வாரையும் எழுப்பிவிட்டாள். நட்சத்திரங்கள் ஒழுங்காக நகர்ந்துகொண்டிருக்க, படத்தின் கீழ் ஓரத்தில் ஒரு வெளிச்சம் தள்ளாடித் தள்ளாடி வருகிறது பார், அது போர்கில்ட். பின்னால் விழுந்து எழுந்து வருகிற வெளிச்சம் ஒட்வார். என்னைப் பார்த்து, விளக்கணைக்கச் சொன்னவன் நான்தானே, மறந்தே போச்சு என்றான். நான் போர்கில்டிடம் ஒரு விளக்கு அணைந்ததற்கு இத்தனை அமர்க்களமா என்று கேட்டேன்.

"வாசல் விளக்கு மட்டும் அணைஞ்சிருந்தா பல்பு போயிடுச்சுன்னு விட்டிருப்பேன்ப்பா," என்றாள். "இங்க்ரூன் ஜன்னலும்ல அணைஞ்சு கெடந்துச்சு. அப்புறம் நான் என்னன்னு நெனைக்கிறது?"

அந்த விளக்கு விஷயம் உனக்குத் தெரியாது. நீ போனதிலிருந்து உன் அறை ஜன்னலில் அது எரிகிறது. அந்த அறையில் மீன் ஊறுகாய் ஜாடிகளை அடுக்கியிருக்கிறேன், எடுக்கப் போகும்போது தடுக்கி விழக்கூடாது அல்லவா, அதற்காகத்தான். வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதே.

முதல் தடவை எடுத்த படம் வீண். பட்டால்தானே புத்தி வரும். அடுத்த தடவை கடைவாசலில் 'ஹால்வார்ட் வீடு இருட்டாக இருக்கும், ஹால்வார்ட் உயிரோடு இருக்கிறார்' என்று எழுதி ஒட்டினேன். அங்கேதான் வினை. இந்த ஊர்க்காரர்களைப் பற்றித்தான் தெரியுமே, ஒருத்தன் கூரைக்குப் பெயிண்ட் அடித்தால் பத்துப் பேர் ஏணியோடு வந்துவிடுவார்கள். இங்க்ரூனுக்கு வானம் போகிறதா, அப்படியானால் ஊரே விளக்கை அணைப்போம் என்று போர்கில்ட் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டாள். ஊர் மொத்தமும் இருட்டாகி, எல்லாரும் படகுக் கொட்டகையில் கூடி, வாஃபிள் அப்பமும் பழுப்புச் சீஸுமாக இருட்டிலேயே தடவித் தடவித் தின்றார்கள். நடுவில் வானத்தில் அந்தப் பச்சைத் துருவ ஒளி வேறு அழையாத விருந்தாளி மாதிரி வந்து ஆடியது, ஒட்வார் அதைப் பார்த்துச் சீட்டி அடித்தான், சீட்டி அடித்தால் அது கீழே வந்து ஆளைத் தூக்கிவிடும் என்று போர்கில்ட் அவன் வாயிலேயே ஒன்று வைத்தாள். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கடலுக்கு அந்தப் பக்கம் எதிர்க்கரை ஊர்க்காரர்களிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. ஒரு வீடு அணைந்தால் நமக்கு எப்படியோ, ஒரு ஊர் அணைந்தால் அவர்களுக்கு அப்படி. மீட்புப் படகு ஆள்களோடும் மண்வெட்டிகளோடும் பாய்ந்து வந்தது, வந்து அந்தப் பெரிய தேடல் விளக்கை மலையிலும் வானத்திலும் என் காமிராவிலும் மாற்றி மாற்றி அடித்தது. பனிச்சரிவு வந்து ஊரையே மூடிவிட்டது என்று நினைத்தார்களாம்.

படகுத் தலைவர் நல்ல கோபத்தில்தான் இறங்கினார். போர்கில்ட் அவர் கையில் ஒரு காப்பியைத் திணித்து, "இவரு மக வரமாட்டாளாம். அதான் வானத்தைப் படம் புடிச்சு அனுப்பப் போறாரு" என்றாள். எனக்கு மானம் போயிற்று. அந்த மனிதர் காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "எம்மவன் சிங்கப்பூர்ல இருக்கான். அவனுக்கும் ஒண்ணு அனுப்ப முடியுமாண்ணே?" என்று கேட்டார். அவ்வளவுதான், அவரைத் தொட்டு ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்திக்கு மகள் தெற்கே தலைநகரில், ஒருத்தனுக்கு இரண்டு பையன்களும் எண்ணெய்க் கிணற்றில், போர்கில்டின் பேரப்பிள்ளைகள் கனடாவில். கொட்டகையில் இருந்தவர்களின் பிள்ளைகளைத் தேடிப் பிடிக்க ஒரு உலக வரைபடம் வேண்டும், அம்மா. அன்றைக்கும் படம் வீண். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாவது தடவை இரண்டு கரைக்கும் சொல்லி, கண்ணாடியில் உறைபனி பிடிக்காமல் காமிராவின் மூக்கைச் சுற்றி முனை வெட்டிய ஒரு கம்பளிக் காலுறை மாட்டி, மாற்று பேட்டரி குளிரில் ஓய்ந்துவிடாமல் அதை அக்குளில் வைத்துக்கொண்டு, மான்தோலைப் போர்த்தி நானும் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். மேகம் இல்லை, காற்று இல்லை, போர்கில்ட் இல்லை. நட்சத்திரம் கொட்டிக் கிடந்தது. நடுவில் ஒரு எரிகல் மலைக்கு மேலே நீளமாகக் கிழித்துக்கொண்டு விழுந்தது. "பாத்தியா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டுத் திரும்பினேன். பூனை இருந்தது. அப்போது என் நெஞ்சை என்னவோ செய்தது, இங்க்ரூன், உன் அம்மா கண்மூடிய வருஷத்துக்குப் பிறகு அப்படி ஆனதில்லை. குளிராகத்தான் இருக்கும்.

ஆகமொத்தம் படம் கைக்கு வந்துவிட்டது. ஒட்வார் உட்கார்ந்து கோத்துக் கொடுத்துவிடுவான், கம்ப்யூட்டர் வழியாக உனக்கு வந்து சேரும். நம் வானம் நோகாமல் உன் வீட்டுக்கே வருகிறது, நீ அலைய வேண்டியதில்லை, லீவுக்காக யாரிடமும் பல்லைக் காட்டவும் வேண்டாம். நான் இங்கே ஏகப்பட்ட வேலையாக இருக்கிறேன், நீ வந்தாலும் உன்னோடு உட்கார்ந்து பேச நேரம் இருக்காது. நிம்மதியாக அங்கேயே கிறிஸ்துமஸ் கொண்டாடு. உன் கடற்கரைக்கும் உன் ஆடுகளுக்கும் என் விசாரிப்புகள். போர்கில்ட் உனக்கு முத்தம் சொல்லச் சொன்னாள், ஒட்வார் வணக்கம் சொன்னான். நல்ல உடம்பும் நல்ல தூக்கமும் உனக்கு எப்போதும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
ஹால்வார்ட்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது ஒட்வார் படத்தைக் கோத்துக் கொண்டுவந்தான். ஓட்டிப் பார்த்தேன். ரொம்ப நன்றாக வந்திருக்கிறது, நான் நினைத்ததைவிட நன்றாக. அதனால் அனுப்பப் போவதில்லை. இதைப் பார்த்தால் உனக்கு இதுவே போதும் என்று ஆகிவிடும், நீ வரமாட்டாய். மேலே 'வர வேண்டாம்' என்று எழுதிய இடத்தையெல்லாம் அடித்துவிடு. எனக்கு எந்த வேலையும் இல்லை. வா.