நான் முந்திக்கொண்டு போட்ட ஒழிக

கூட்டத்தில் இருந்தவர்கள்: செயலாளர் ராகவன். லோடு முனுசாமி. ஆட்டோ டேவிட். காலேஜ் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர். என் மனைவி சாந்தி. மைக் முன்னால் என் மகள் ஜெனி. கடைசி நாற்காலியில் நான்.

இடம், மேற்குத் தாம்பரத்தில் எங்கள் சங்க ஆபீஸ் மாடி. எம்.ஏ. படிக்கும் ஜெனிக்கு அது முதல் பேச்சு. தலைப்பு பின்நவீனத்துவம். செயலாளருக்குப் பிடிக்கவே இல்லை. "பேசட்டும். சலசலப்பு வந்தா நிறுத்திடுவேன்" என்று சொல்லித்தான் விட்டார்.

எனக்குப் படிப்பு ஐந்தாவது. ஊர்வலத்தில் முன்னால் போகிறவர் ஒரு பெயரை இழுப்பார். 'ஒழிக' என்று நான் முடிப்பேன். கை தானாக மேலே போகும். (தூக்கத்தில்கூடப் போகும் என்பாள் சாந்தி.) பின்நவீனத்துவமும் பழகின வார்த்தைதான். சங்கத்தின் பழைய வகுப்புகளில் ஒழிய வேண்டியவை வரிசையில் வரும். அது என்னவென்று கேட்டதில்லை.

ஜெனி நன்றாகத்தான் பேசினாள். "ஒரே உண்மைன்னு ஒண்ணு கிடையாதுன்றாங்க. தொழிலாளி, தொழிலாளின்னு பேசறோம். குடிசையை இடிச்சுப் பெரும்பாக்கத்துக்குத் தூக்கிப் போட்ட அக்காங்க வேலைக்கு எப்படிப் போறாங்கன்னு கேட்டோமா?"

பிள்ளைகள் கைதட்டினார்கள். ஃபேன் காற்று. எனக்குக் கண் சொக்கியது.

"ஆனா, பின்நவீனத்துவம்..." என்று ஜெனி குரலை இழுத்து மூச்சு விட்டாள்.

எழுந்து முஷ்டியை உயர்த்தினேன். "ஒழிக!"

முனுசாமியும் டேவிட்டும், "ஒழிக! ஒழிக!" (அவர்களும் தூக்கம்தான்.)

செயலாளர் எழுந்தார். "தோழர்கள் உணர்வு தெரிஞ்சுபோச்சு. இதோட முடிச்சுக்கலாம்."

ஜெனி என்னைப் பார்த்தாள். சாந்தி பார்த்த பார்வையை எழுத முடியாது.

"தோழர், அது கருத்து இல்ல. பழக்கம்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். செயலாளர் சிரிக்கவில்லை. "உம் பொண்ணுன்னு பேசுறியா?"

"அவ முடிக்கட்டும். அப்பவும் தோணுச்சுன்னா மறுபடி சொல்றேன். நீங்களும் சொல்லுங்க."

டேவிட் எழுந்தார். "வுடு தலீவா. நாங்களும் இன்னான்னு தெரியாமதான் கத்திகினு கீறோம்."

செயலாளர் உட்கார்ந்தார். ஜெனி விட்ட இடத்தில் பிடித்தாள். "பின்நவீனத்துவம் மட்டும் போதாது. எல்லாமே கதைன்னா, கூலி கம்மின்றதும் கதையாயிடும்."

முனுசாமி நிமிர்ந்து உட்கார்ந்து கேள்வி கேட்டார். செயலாளரும் கேட்டார், கோபமாகத்தான். ஜெனி பதில் சொன்னாள். டீ ஆறியும் யாரும் கிளம்பவில்லை.

பஸ்ஸில் ஜெனி சொன்னாள்: "நானும் பாதி ஒழிகதாம்பா சொல்ல வந்தேன். நீ அவசரப்பட்டுட்ட."

அன்றிலிருந்து வீட்டில் ஒரு சட்டம். யார் பேசினாலும் முடிக்கும்வரை நான் வாய் திறக்கக் கூடாது. முடிந்ததும் சாந்தி என் பக்கம் திரும்புவாள். "இப்ப சொல்லலாம், தோழரே."

இந்த வருஷம் நான் சொன்ன ஒழிக: இரண்டு.