ஹவில்தார் மாயாண்டியின் கூட்டுப் புகைப்படம்

அரசாங்கப் பதிவேட்டின்படி ஹவில்தார் மாயாண்டி ஒரு பிரம்மச்சாரி. பத்தொன்பது வருஷம் எல்லையில் காவல் காத்தார். ஓய்வு பெற்றபின் வளைகுடாவில் புஜைரா துறைமுகத்தில் பதினாறு வருஷம் வாட்ச்மேனாக இருந்தார். விசாவைக் கேன்சல் செய்துகொண்டு ஊருக்குத் திரும்பிய நாலாம் மாதம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். இத்தனையும் ஒழுங்காகச் செய்த மனிதர், தனக்குக் கல்யாணம் ஆன செய்தியை மட்டும் பட்டாளத்துக்கு எழுதித் தர மறந்துவிட்டார்.

அவருடைய பிரம்மச்சரியத்துக்கு இடைஞ்சலாக வடிவு என்று ஒரு மனைவியும் சரவணகுமார் என்று ஒரு மகனும் இருந்தார்கள்.

மகன் இப்போது அதே புஜைராவில் எண்ணெய்க் கிடங்கில் வேலை பார்க்கிறான். அம்மாவைத் தன்னோடு வைத்திருக்கிறான். நல்ல பையன். மருமகள் அருணாவும் நல்ல பெண்தான். ஆனாலும் மூட்டுவலித் தைலம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல வடிவு மூன்று நாள் ஒத்திகை பார்க்க வேண்டியிருந்தது. தன் பேரில் ஒரு பென்ஷன் வந்தால் அந்த ஒத்திகை மிச்சம். அதைவிட முக்கியமாக, மாயாண்டியின் பெண்டாட்டி இவள்தான் என்று முத்திரை குத்திய ஒரு காகிதம் அவளுக்கு வேண்டும். முப்பத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவளை யாரோ என்று ஒரு பதிவேடு சொல்வதை அவளால் பொறுக்க முடியவில்லை.

இதற்கென்றே ஓர் அமைப்பு இருந்தது. அயல்நாடு வாழ் முன்னாள் படைவீரர் குடும்ப நல உதவி மையம். அந்தப் பெயர்ப்பலகையைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அதை வேனில் ஏற்றிவந்து, புஜைராவில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் சாத்திவைப்பார்கள். பலகைக்குக் கீழே தியாகு சார் உட்காருவார். யார் எதைக் கொண்டுவந்தாலும் அதைத் தவிர வேறு என்ன வேண்டும் என்று சொல்வதில் அவருக்கு இருபது வருஷ அனுபவம்.

வடிவு ரேஷன் கார்டைக் கொடுத்தாள். அது அரிசிக்கு என்றார். வாக்காளர் அட்டையைக் கொடுத்தாள். அது ஓட்டுக்கு என்றார். கடைசியில் மகனை முன்னால் தள்ளினாள்.

"இவன் அவுக மகன் சார். மூக்கைப் பாருங்க, அப்படியே அவுக மூக்கு."

"மகன் இருக்கலாம் அம்மா. மகன் இருப்பது கல்யாணத்துக்கு அத்தாட்சி ஆகாது."

மகன் சிவந்துபோனான். தியாகு சார் அதை ஒரு விதியாகத்தான் சொன்னார். மனசில் எதுவும் வைத்துக்கொண்டு அல்ல. விதிப்படி வேண்டியது கூட்டுப் புகைப்படம். கணவனும் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்த படம். ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். பின்னால் ஸ்டூடியோ முத்திரையும் தேதியும் கட்டாயம்.

அப்படி ஒரு படம் புதிதாகவும் இல்லை, பழசாகவும் இல்லை. முப்பத்திரண்டு வருஷத்தில் மாயாண்டி வீட்டில் இருந்ததைக் கூட்டிப் பார்த்தால் நாற்பத்தோரு மாதம் தேறும். அதிலும் ஓடு மாற்றுவதும் தங்கைக்கு மாப்பிள்ளை பார்ப்பதுமாகப் போய்விட்டது. ஸ்டூடியோவுக்குப் போக யாருக்கு நேரம்?

ஆனால் இது வளைகுடா. இங்கே படம் எடுப்பது ஒரு தொழில், படத்தில் ஆள் சேர்ப்பது இன்னொரு தொழில். மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் கடை வைத்திருந்த கீழக்கரை அஸீம் இரண்டாவதில் கெட்டிக்காரர். தங்கச்சி கல்யாணத்துக்குப் போக முடியாத அண்ணன்களைப் பந்தலில் நிறுத்துவார். மகளின் காதுகுத்துக்குப் போகாத அப்பாக்களின் மடியில் மகளை உட்காரவைப்பார். ஊரில் அந்த வீட்டுக் கூடங்களில் தொங்கும் எந்தக் குடும்பப் படத்திலும் அப்பாவின் கால் தரையில் படாது. யாரும் அதைக் கவனிப்பதும் இல்லை.

மாயாண்டியின் பட்டாள அடையாள அட்டையிலிருந்து முகத்தை எடுத்து வடிவின் பக்கத்தில் சேர்த்தார் அஸீம். அடுத்த மாதம் தியாகு சார் அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது மகனோடு எடுத்தது."

"நான் இங்கே நிக்கிறேன் சார்," என்றான் சரவணகுமார்.

"அப்படியானால் மூத்த மகன்."

மூத்த மகன் கிடையாது என்பதற்கு அத்தாட்சி உண்டா என்று கேட்டார். இல்லை. படம் திரும்பி வந்தது. இருபத்து மூன்று வயசு மாப்பிள்ளை ஐம்பத்து நாலு வயசுப் பெண்டாட்டியோடு நின்றால் அரசாங்கமும் என்னதான் செய்யும்?

அஸீம் சளைக்கவில்லை. மாயாண்டிக்கு நரை கொடுத்தார், கன்னத்தை இறக்கினார், "வயசுக்கு ஏத்த தொப்பை வேணும்க்கா" என்று அதையும் வைத்தார். கோட்டும் டையும் மாட்டினார். கோட்டு வேண்டாம் என்று வடிவு சொல்லிப் பார்த்தாள். கோட்டு இல்லாத ஆண்பிள்ளை உடம்பு கம்ப்யூட்டரிலேயே இல்லை என்றுவிட்டார்.

படம் கைக்கு வந்ததும் வடிவு அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். மாயாண்டியின் கை அவள் தோள்மேல் இருந்தது. உயிரோடு இருந்த காலத்தில் நாலு பேர் பார்க்க அவர் அப்படி ஒரு காரியம் செய்ததே கிடையாது.

விதி கேட்டபடியே அஸீம் படத்தின் பின்னால் முத்திரை குத்தி அன்றைய தேதியைப் போட்டார். 2006 மார்ச்.

தியாகு சாருக்குப் பரம திருப்தி. பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். முத்திரை இருக்கிறது. ஆறு மாதத்துக்குள்தான். பேனா மூடியைக் கழற்றி டிக், டிக் என்று போட்டுக்கொண்டே போனவர் மரணச் சான்றிதழில் வந்து நின்றார்.

"இதில் 2004 என்று இருக்கிறதே?"

"ஆமா சார். அவுக தவறி ரெண்டு வருஷமாச்சு."

"படத்தில் போன மாதம் நிற்கிறார்."

இரண்டில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும். எது என்று தியாகு சார் மனம்போனபடி முடிவு செய்பவர் அல்ல. மரணச் சான்றிதழ் ஜெராக்ஸ் காப்பி. புகைப்படம் ஒரிஜினல். ஒரிஜினல் இருக்கும்போது காப்பி செல்லாது. ஆகவே ஹவில்தார் மாயாண்டி உயிரோடு இருக்கிறார். இருந்துகொண்டு, இரண்டு வருஷமாகத் தன் பென்ஷனை வாங்காமல் அலட்சியமாக இருந்திருக்கிறார். அதற்கு அவர் நேரில் வந்து விளக்கம் தர வேண்டும்.

சரவணகுமார் வாயைத் திறந்தான். வடிவு அவன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, உள்ளதை உள்ளபடி சொன்னாள். படம் அஸீம் கடையில் சேர்த்தது. தொப்பை கூட வைத்ததுதான்.

தியாகு சார் சுற்றும் முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். கெட்ட மனிதர் இல்லை.

"அம்மா, யோசித்துச் சொல்லுங்கள். படம் பொய் என்று நான் எழுதினால் கல்யாணமும் பொய். அவர் இறந்தவர்தான், ஆனால் பிரம்மச்சாரி. நீங்கள் யாரோ. படம் மெய் என்று எழுதினால் நீங்கள் மனைவி. ஆனால் அவர் இருக்கிறார். பென்ஷன் அவர் கையில்தான் தர முடியும்."

"பொண்டாட்டியாவும் இருந்து, தாலியும் அறுத்தவள்னு எழுத வழியில்லையா சார்?"

"அந்தப் படிவம் இன்னும் வரவில்லை."

வடிவு யோசித்தாள். மருமகளிடம் தைலம் கேட்பது அவளுக்குப் பழகிப்போன கஷ்டம். யாரோவாக இருப்பது பழகாது.

"மெய்னே எழுதிக்கிடுங்க," என்றாள்.

சரவணகுமார் தலையில் கையை வைத்துக்கொண்டான். தியாகு சார் குத்தினார் முத்திரை. மேற்படி வடிவு என்பவர் மேற்படி ஹவில்தார் மாயாண்டி என்பவரின் சட்டபூர்வ மனைவி என்று மூன்று பிரதியில் சான்று எழுதி, ஒன்றை அவளிடம் நீட்டினார். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். இன்னும் ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி இருந்தது.

"கணவர் எப்போது நேரில் ஆஜராவார்?"

"லீவு கிடைச்சா வருவாக."

அதற்கு மட்டும் தியாகு சார் அத்தாட்சி கேட்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் அப்படியே எழுதிக்கொண்டார். அவள் பின்னால் வரிசையில் நாற்பது ஆண்கள் நின்றிருந்தார்கள். மாயாண்டி செத்த கதை அத்தனை பேர் காதிலும் விழுந்திருந்தது. ஆனால் அந்தப் பதிலில் தப்பு இருப்பதாக ஒருவருக்கும் தோன்றவில்லை. ஊரில் அவரவர் வீட்டில், எப்போது வருவார் என்று யாராவது கேட்டாலும் சொல்லப்படுகிற பதில் அதுதான்.