எண்ணூர் வஞ்சிரமும் மோப்பம் நைனாவும்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எத்தனையோ பேருக்கு மூக்கு இருந்தது. ஆனால் அதை முழுசாகப் பயன்படுத்தியவர் மோப்பம் நைனா ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாம் சளி பிடிக்கவும் கண்ணாடி மாட்டவும் மட்டுமே வைத்திருந்தோம்.

துறைமுகத்துக் கிடங்கில் அவருக்கு உத்தியோகமே மோப்பம்தான். கப்பலிலிருந்து இறங்கிய மூட்டைகளில் எதில் உப்புத்தண்ணீர் பட்டிருக்கிறது என்று குத்திப் பார்க்காமலே சொல்லிவிடுவார். ஐம்பதுகளின் தொடக்கம் அது. பக்கத்திலேயே ஒரு சரக்கு ஏஜெண்டு ஆபீஸில் நான் குமாஸ்தா. மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கக் கை வைக்கும்போதே, "இன்னா தம்பி, வூட்ல சண்டையா? நேத்து கத்திரிக்காயே வந்துகீது" என்பார். உள்ளே நேற்றைய கத்திரிக்காய்தான் இருக்கும். சண்டையும் உண்மைதான்.

தொல்லை என்னவென்றால், மூக்குக்குத் தெரிந்ததை அவர் வாய் அடுத்த நொடியே ஊருக்குச் சொல்லிவிடும். காலடிப்பேட்டையில் ஒரு கல்யாணப் பந்தியில், பருப்பின் மேல் நெய் விழுந்ததுமே அது நெய்யில்லை, வனஸ்பதி என்று அறிவித்தார். மாப்பிள்ளை வீட்டார் எழுந்துவிட்டார்கள். சமையல்காரர் கரண்டியாலேயே பெண்ணின் தகப்பனாரைக் காட்டினார். தாலி ஏற்கெனவே ஏறியிருந்ததால் அந்தக் கல்யாணம் பிழைத்தது.

அதனால்தான் தசரதன் பயந்தான். வியாசர்பாடிக்காரன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன், எங்கள் கூட்டாளி. எண்ணூர் உப்பளத்து மேஸ்திரியின் மகள் பூங்காவனத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒரு வருஷமாக உருகிக்கொண்டிருந்தான். மேஸ்திரியோ தானே சமைத்துப் போட்டு, சாப்பிடுகிற லட்சணத்தைப் பார்த்து மாப்பிள்ளையை எடை போடுகிறவர். வஞ்சிரத்தை மிச்சம் வைத்த குற்றத்துக்காக ஏற்கெனவே இரண்டு பேரைத் திருப்பி அனுப்பியிருந்தார். நைனாவை விட்டுவிட்டும் போக முடியாது. தசரதனுக்குத் தகப்பன் இல்லை; பெரியவர் என்று உட்கார வைக்க அவர்தான் இருந்தார்.

சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தோம். வண்ணாரப்பேட்டையில் பழைய இரும்பு வியாபாரம் செய்த யூசுப் பாயிடம், யுத்தம் முடிந்து மிலிட்டரிக்காரர்கள் கழித்துவிட்ட வேன் ஒன்று இருந்தது. சனிக்கிழமை அது கிளம்ப மறுத்துவிட்டது. ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டு ஞாயிறு காலையில் புறப்பட்டோம்.

வலது பக்கம் கடல், முன் சீட்டில் நைனா, ஜன்னலுக்கு வெளியே அவர் மூக்கு. காசிமேட்டில், நண்டு இப்போதுதான் கரையேறியிருக்கிறது என்று வண்டியை நிறுத்தச் சொன்னார். மேஸ்திரி வீட்டுக்குக் கொடுக்க ஒரு கூடை நண்டு வாங்கினோம். திருவொற்றியூரை நெருங்கும்போது கூடையிலிருந்து ஒன்று தப்பி வந்து, வண்டி ஓட்டிக்கொண்டிருந்த பாயின் செருப்பைப் பிடித்துக்கொண்டது. பாய் இரண்டு காலையும் சீட்டின் மேல் தூக்கிக்கொண்டார். வேன் தன் இஷ்டத்துக்குக் கொஞ்ச தூரம் போய், கோயில் தேரடியில் தானாக நின்றது. அம்மனே நிறுத்திவிட்டாள் என்றார் நைனா.

பாய் வேனுக்குள் நண்டு பிடித்துக்கொண்டிருக்க, நாங்கள் மூவரும் வடிவுடையம்மன் சன்னிதிக்குப் போனோம். தசரதன் அங்கே நைனாவைக் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்ய வைத்தான். பொழுது சாயும்வரை எந்த வாசனையைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. நைனா வேண்டா வெறுப்பாக அடித்தார்.

எண்ணூரில் மேஸ்திரி எங்களை வாசலுக்கே வந்து அழைத்துப் போனார். நாங்கள் கொண்டுபோன நண்டு மிளகு போட்டு வந்தது. கழிமுகத்து இறால் தொக்காக வந்தது. பாய் பேசுவதையே நிறுத்திவிட்டார். கடைசியில் மேஸ்திரி ஒரு பெரிய மண்சட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். "வஞ்சிரம். உங்களுக்குன்னே வாங்கி வச்சது" என்றார்.

நைனாவின் மூக்கு ஒரு தரம் விடைத்தது. வாய் திறந்தது. தசரதன் இலையில் வைத்த கையை எடுத்துவிட்டான். நைனா வாயை மூடிக்கொண்டு அவனைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார், பிறகு எட்டி அதை வாங்கித் தன் இலைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"இவனுங்களுக்கு மீன் துன்னத் தெரியாது மேஸ்திரி. சட்டி என்னாண்டயே இருக்கட்டும்."

நான் கை நீட்டினேன், தட்டிவிட்டார். மாப்பிள்ளைக்காவது ஒரு துண்டு என்றார் பாய், காதில் வாங்கவில்லை. பதினோரு துண்டம். உள்ளே பெண்கள் சாப்பிடுவதற்குக்கூடக் குழம்பு மிஞ்சவில்லை, சோற்றைப் போட்டு சட்டியை வழித்துவிட்டார். எங்களுக்கு அவமானத்தில் தலை நிமிரவில்லை. மேஸ்திரிக்கோ கண் கலங்கிவிட்டது. தன் கைச் சமையலை இப்படி ஒருவர் சாப்பிட்டுப் பார்த்ததில்லை என்றார். இப்பேர்ப்பட்ட பெரியவர் இருக்கிற இடத்தில் பெண் கொடுக்காமல் எங்கே கொடுப்பது என்று அப்போதே தாம்பூலம் மாற்றிக்கொண்டார்.

திரும்பும்போது வழியெல்லாம் திட்டினோம். பெருந்தீனி என்றேன் நான். பாய் இன்னும் மேலே போனார். கல்யாணம் நிச்சயமான சந்தோஷத்தையும் மீறித் தசரதனுக்கு முகம் தொங்கிப் போயிருந்தது. நைனாவோ மேற்கே பனைமரங்களையே பார்த்துக்கொண்டு வந்தார். சூரியன் முழுசாக இறங்கியதும் கேட்டார்.

"பொழுது பூட்ச்சா?"

போய்விட்டது என்றேன்.

"வண்டிய ஓரங்கட்டு பாய். அது முந்தாநாள் மீனு. கெட்டுப்போய்க் கீது."

இறங்கினார். பிறகு நடந்ததைப் பத்திரிகையில் எழுத முடியாது. மேஸ்திரி சனிக்கிழமை விருந்துக்காக வெள்ளிக்கிழமையே வாங்கி வைத்த மீன். ஒரு நாள் தாமதித்து வந்தவர்கள் நாங்கள்.

இரண்டு நாள் கல்மண்டபத்தில் அவர் அறையிலேயே படுத்திருந்தார். தசரதன் விசிறினான். நான் ஆபீசுக்கு லீவு போட்டேன். யூசுப் பாய் வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தார். சீரகம் கொஞ்சம் தீய்ந்திருக்கிறது என்றார் நைனா. பிழைத்துக்கொண்டார் என்று எங்களுக்குத் தெரிந்தது.

பாய்க்கு மட்டும் ஒன்று புரியவில்லை. சட்டியைக் கைதவறின மாதிரி தட்டிவிட்டிருக்கலாமே என்று கேட்டார்.

நைனா கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்: "அந்த மன்ஷன் சட்டிய எப்டி ஏந்திக்கினு வந்தாருன்னு பாத்தியா பாய்? அத்தப் போயி எப்டித் தட்டுறது?"

பாய் கஞ்சியை இன்னும் ஒரு கரண்டி எடுத்து, சூடு போகிற மட்டும் ஊதி, அவர் வாயருகே கொண்டுபோனார்.