எட்டுப் பேரை எடுத்த மாமா

எனக்கு வாயில் ஒரு வருத்தம். டொக்டரிடம் காட்டி மருந்து எடுக்கக்கூடிய வருத்தம் இல்லை. ஒரு கேள்வி கேட்டால் அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு நிறுத்தத் தெரியாது. (நேரம் என்ன என்று கேட்டால், மணிக்கூடு வாங்கின கதையில் இருந்து தொடங்குவேன்.) கலியாண வீடுகளில் இந்த வருத்தத்தை யாரும் கண்டுபிடிப்பதில்லை, கலகலப்பான பொடியன் என்று மெச்சிவிட்டுப் போவார்கள். கண்டுபிடித்தது மொன்றியலில் அமெரிக்க விசா நேர்முகத்தில், கண்ணாடிக்கு அப்பால் இருந்த ஓர் அதிகாரியம்மா.

அப்போது நான் மொன்றியலின் லாசால் பகுதியில், ராஜன் அண்ணையின் வீட்டில் ஓர் அறை எடுத்துக் குடியிருந்தேன். வேலை துறைமுகத்துப் பக்கம், ஒரு களஞ்சியத்தில் பெட்டி இறக்குவது. கனடாவின் நிரந்தர வதிவிட அட்டை இருந்தது, கடவுச்சீட்டு இலங்கையுடையது. மனைவி நிரோஷினி நியூ ஜெர்சியில் இருந்தாள், அமெரிக்கப் பிரசை. காரில் ஓடினால் ஆறேழு மணித்தியாலம், பேப்பரில் ஓடினால் இரண்டு வருடம். போய்ப் பார்த்துவிட்டு வரும் விசாகூடத் தரமாட்டோம் என்றுவிட்டார்கள். மனைவி அங்கே இருந்தால் இவன் திரும்பி வரமாட்டானாம். (நியாயமான சந்தேகம்தான்.) அதனால் அவள்தான் பஸ் ஏறி வந்து போனாள். வயிற்றில் பிள்ளை, எட்டாம் மாதம் என்றானதும் அவளுடைய டொக்டர் அந்தப் பஸ்ஸையும் நிறுத்திவிட்டார். நேர்முக நாள் வந்தபோது பிள்ளை பிறக்க ஐந்து கிழமை இருந்தது. பிறக்கும்போது நான் பக்கத்தில் நிற்கவேண்டும். அந்த நாட்களில் எனக்கு வேறு ஓர் ஆசையும் இருக்கவில்லை.

மனைவி கணவனை அமெரிக்காவுக்கு எடுப்பதென்றால், அவனை அரசாங்கத்தின் தலையில் சுமத்தாமல் வைத்துக் காப்பாற்றத் தன்னிடம் வருமானம் உண்டு என்று காட்டவேண்டும். நிரோ மருந்தாளர் படிப்பின் கடைசி வருடத்தில் இருந்தாள். வருமானம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அப்படியானால் அங்கே இருக்கும் இன்னொருவர் கூட்டு ஸ்பொன்சராகக் கையெழுத்து வைக்கவேண்டும். வைத்தவர் குணம் மாமா.

குணம் மாமா நிரோவின் தகப்பனுக்குத் தமையன். அவளுக்குப் பெரியப்பா, எனக்கு மாமா. தம்பி காலமான பிறகு நிரோவைப் படிப்பித்தவர். நியூ ஜெர்சியில் ஒரு பலசரக்குக் கடை வைத்திருந்தார். எல்லாவற்றையும் விட, எல்லாரையும் அமெரிக்காவுக்கு எடுத்த மனுசன் என்ற பெயர் அவருக்கு இருந்தது. தம்பி குடும்பத்தையும் மச்சான்மார் இரண்டு பேரின் குடும்பங்களையும் தானே ஸ்பொன்சர் பண்ணி எடுத்ததாக எந்த விருந்திலும் பாயசம் வருவதற்கு முன் சொல்லிவிடுவார். மொன்றியலில் நடந்த எங்கள் கலியாணத்தில் மைக்கைப் பிடித்தும் சொன்னார். எடுக்கப்பட்டவர்கள் முன்வரிசையில் இருந்து தலையாட்டினார்கள்.

மாமா கையெழுத்திட்ட படிவமும் வரிப் பத்திரங்களும் கூரியரில் வந்தன. நான் என்ன செய்தேன் தெரியுமா? படிவத்தின் மூலைக்கு மஞ்சள் பூசி, பிளாஸ்ரிக் உறையில் போட்டு, சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டேன். நல்ல காரியப் பேப்பருக்கு மஞ்சள் பூசாவிட்டால் எனக்குக் கை ஓடாது. இரண்டு மாதம் காலையும் மாலையும் கும்பிட்டேன். ஒருநாளாவது அதைத் திறந்து வாசிக்கவில்லை.

நேர்முகத்தன்று ராஜன் அண்ணைதான் காரில் கொண்டுபோனார். பனி கொட்டிக்கொண்டிருந்தது. எங்களூர் ஆட்கள் பலருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்த அனுபவசாலி அவர்; வழி நெடுக ஒரே ஒரு புத்திமதிதான் சொன்னார்.

“கேட்டதுக்கு மட்டும் சொல்லு. ஓம் எண்டா ஓம், இல்லை எண்டா இல்லை. உன்ர வாய் எனக்குத் தெரியும்.”

உள்ளே கைத்தொலைபேசி கொண்டுபோக முடியாது. அதை அவரிடம் கொடுத்துவிட்டு, கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனேன். இலக்கம் கூப்பிடும்வரை இருந்த ஒன்றரை மணித்தியாலத்தில் மூன்று தடவை கழிப்பறைக்குப் போய்வந்தேன். ஜன்னலில் இருந்த அதிகாரியம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். வலது கையைத் தூக்கச் சொன்னார். உண்மையைத் தவிர வேறொன்றும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்கினார். நான் பதற்றத்தில் ஓம் என்பதைப் பிரெஞ்சில் ‘உய்’ என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கெடுத்தது. நல்ல பிள்ளையாக இருக்கிறாளே என்று எனக்கு மனம் இளகிவிட்டது.

எங்கே சந்தித்தீர்கள், கலியாணம் எப்போது, பிள்ளை எப்போது என்று கேட்டார். கட்டுப்பாடாகப் பதில் சொன்னேன். படங்களைப் பார்த்தார். எல்லாம் நன்றாகப் போனது. கடைசியாக மஞ்சள் பூசின படிவத்தை எடுத்தார். விரலில் ஒட்டியதை ஒரு கணம் பார்த்தார்.

“இந்தக் கூட்டு ஸ்பொன்சர் உங்களுக்கு யார்?”

மனைவியின் பெரியப்பா. இரண்டே இரண்டு சொல். அதைச் சொல்லிவிட்டு வாயை மூடியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆனால் மாமாவின் பெருமையை எடுத்துவிட இதைவிட நல்ல இடம் ஏது என்று எனக்குள் இருந்த கலியாண வீட்டுப் பொடியன் எழும்பிவிட்டான். அவர் லேசுப்பட்ட ஆள் இல்லை அம்மா என்று தொடங்கினேன். அவர் தம்பி குடும்பத்தை ஸ்பொன்சர் பண்ணினார், அது மூன்று பேர். பெரிய மச்சான் குடும்பம், அதுவும் மூன்று பேர். சின்ன மச்சானும் மனைவியும். மொத்தம் எட்டுப் பேர். (விரல் விட்டு எண்ணிக் காட்டினேன்.) எல்லாரையும் தன் தோளில் தாங்கினவருக்கு நான் ஒருத்தன் எம்மாத்திரம் என்று சொல்லி நிறுத்தி, கைதட்டலுக்குக் காத்திருப்பவன்போல நின்றேன்.

அவர் தட்டச்சை நிறுத்திவிட்டார். படிவத்தைப் புரட்டினார். திரும்பப் புரட்டினார். 

“முன்பு இப்படி ஸ்பொன்சர் செய்த ஆட்கள் பூச்சியம் என்று அவர் எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறார். நீங்கள் எட்டு என்கிறீர்கள். எது சரி?”

“இரண்டும் சரி” என்றேன்.

இதை விட மடைத்தனமான பதிலை அந்த ஜன்னல் கேட்டிருக்காது. சத்தியம் செய்திருக்கிறீர்கள் என்று அவர் மெதுவாக நினைவூட்டினார்.  தெரியாது என்றேன். அன்றைக்கு நான் சொன்ன சுருக்கமான பதில் அதுதான். நேரம் பிந்தி வந்தது.

அவர் கோபிக்கவில்லை. பொறுமையாக விளங்கப்படுத்தினார். மாமா உண்மையாகவே ஆட்களை எடுத்திருந்தால், அவர்களில் இன்னும் பிரசை ஆகாதவர்கள் அவர் தாங்கவேண்டிய ஆட்களாகவே கணக்கில் வருவார்கள். அப்போது அவருடைய கடை வருமானம் எனக்குப் போதாது. எடுக்கவில்லை என்றால், எடுக்கவில்லை என்று அவரே சத்தியக் கடதாசி எழுதி அனுப்பவேண்டும். அது வரும்வரை விசா இல்லை. ஒரு தாளைத் தந்தார். அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டார்கள்.

காருக்குள் ஏறி விஷயத்தைச் சொன்னேன். ராஜன் அண்ணை என்னைத் திட்டவில்லை. ஸ்ரியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

நிரோவுக்குப் போன் அடித்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்:

“பெரியப்பா ஒருத்தரையும் எடுக்கேல்லை. அப்பா தானா வந்து அகதியா அலைஞ்சு பேப்பர் எடுத்தவர். பெரிய மாமா வேலை விசாவில வந்தவர். சின்ன மாமாவுக்கு விசா லொத்தர் விழுந்தது. பெரியப்பா எயார்போர்ட்டுக்குப் போய் ஏத்திக்கொண்டு வந்தவர், அவ்வளவுதான். அப்பா சாகும்வரைக்கும் அதை மறுத்துச் சொன்னதில்லை.”

“நீர் எனக்குச் சொல்லியிருக்கலாமே.”

“நீங்கள் போய் அங்க அதைச் சொல்லுவியள் எண்டு ஆருக்குத் தெரியும்?”

 நீங்களே அவரோடு கதையுங்கோ என்று வைத்துவிட்டாள்.

யோசித்துப் பாருங்கள். இருபது வருடமாகக் கட்டிக் காத்த பெயர். அதைப் பொய் என்று, நேற்று வந்த மருமகன் ஒருவனுக்காக, முத்திரை குத்தி எழுதித் தரவேண்டும். கேட்கவேண்டியது நான். மாமாவின் கடைக்கு அடித்தேன். முழுதும் சொல்லி முடித்தேன்.

“எத்தினை பேர் எண்டு சொன்னீர்?”

“எட்டு, மாமா.”

“எட்டோ? ஒன்பதெல்லோ. பெரிய மச்சான்ர கடைக்குட்டியை விட்டிட்டீர்.”

பிறகு, கடையில் ஆள் நிற்குது தம்பி, பேந்து எடுக்கிறன் என்று வைத்துவிட்டார்.

எடுக்கவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், ஐந்து நாள். நிரோவுக்குக் கால் வீங்கியிருந்தது. நான் களஞ்சியத்தில் போகவேண்டிய பெட்டிகளை இடம் மாறி அடுக்கினேன். மாமா வீட்டில் ஒருவரோடும் கதைக்கிறாரில்லை, கடையில் மிச்சக் காசைக்கூட மாறிக் கொடுக்கிறார் என்று மாமி நிரோவிடம் சொன்னாளாம். என் வாயால் ஒரு மனுசனை ஒடித்துப்போட்டேனே என்று எனக்கு அழுகை வந்தது. அதோடு அவர் எழுதாமல் விட்டால் என்ன செய்வது என்ற பயமும் இருந்தது. (பயம்தான் கூட என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.)

ஒன்பதாம் நாள் கூரியர் வந்தது. மாமா கடைக்குப் பக்கத்திலேயே கடதாசிக்கு முத்திரை குத்தும் தமிழர் ஒருவர் இருந்தார். அவர் வாய் என் வாயைவிடப் பெரிது. ஆகவே மாமா ஒரு மணித்தியாலம் கார் ஓடி, தமிழ் ஆட்களே இல்லாத ஓர் ஊருக்குப் போய் முத்திரை குத்தியிருக்கிறார். இந்தமுறை நான் மஞ்சள் பூசவில்லை. வாசித்தேன். ஆங்கிலத்தில் நாலே நாலு வரி.

“நான் இதுவரை எவரையும் ஸ்பொன்சர் செய்து அமெரிக்காவுக்கு எடுக்கவில்லை. அவர்களை விமான நிலையத்தில் இருந்து வீட்டுக்குக் கூட்டிவந்தேன். சாப்பாடு கொடுத்தேன். இவரே முதலாவது ஆள்.”

ராஜன் அண்ணை அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு, மனுசன் என்றார். 

கடதாசி போய்ச் சேர்ந்தது. விசா வருவதற்கு முன் பிள்ளை அவசரப்பட்டுவிட்டது. நான் களஞ்சியத்தில் நின்றேன். மேற்பார்வைக்காரன் நல்ல மனுசன். வேலையை விட்டுவிட்டுப் போனைப் பார் என்று பிரெஞ்சில் அதட்டினான். கொள்கலன்களுக்கு நடுவே நின்று, கையளவு திரையில் என் மகளின் முதல் அழுகையைக் கேட்டேன். அந்தப் பக்கம் போனைப் பிடித்துக்கொண்டு நின்றது குணம் மாமா. அவர் சரித்துப் பிடித்ததில் பாதி நேரம் ஆஸ்பத்திரிக் கூரைதான் தெரிந்தது.

விசா ஒட்டின கடவுச்சீட்டு என் கைக்கு வந்தபோது அவளுக்குப் பதினொரு நாள். அந்தப் பதினொரு நாளை எனக்கு யாரும் திருப்பித் தரப்போவதில்லை. அதற்கு நான் ஒருவரையும் குறைசொல்ல முடியாது, என் வாயைத் தவிர.

விமான நிலையத்துக்கு மாமாதான் வந்தார். கோட்டும் சூட்டும் போட்டிருந்தார். என் பெட்டியைத் தானே தூக்குவேன் என்று பிடிவாதம் பிடித்தார்.  காரில் வரும்போது றோட்டைப் பார்த்தபடி சொன்னார்:

“இனி ஆரும் கேட்டா, பொய் சொல்லாமலே சொல்லலாம், தம்பி.”

அந்தக் கடதாசியின் பிரதி ஒன்று மாமியின் கையில் எப்படியோ அகப்பட்டுவிட்டது. இன்றைக்கும் மாமா விருந்தில் தொண்டையைச் செருமினால் போதும், மாமி அடுப்படியில் இருந்து “எட்டோ, ஒன்பதோ?” என்று கேட்பாள். வீடே சிரிக்கும். ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியாமலே என் மகளும் இப்போது அதைக் கேட்கிறாள். மாமாவும் சிரிப்பார். சிரித்துவிட்டு, என் தோளில் கைபோட்டு, புதிதாக வந்திருப்பவர்களிடம் “இவர் நான் எடுத்த ஆள்” என்று ஒற்றை விரலைக் காட்டுவார்.

அப்போது அவர்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் வலது கையைத் தூக்கி, ஓம் என்று மட்டும் சொல்லுவேன்.